"குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும்" – இது ஒரு தகுதியா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களைக் கவனித்துப் பாருங்கள். பொண்ணு மெடிக்கல் என்றால் அவர்களுக்கு ஒரு முகம். இன்ஜினியரிங் என்றால் இன்னொரு முகம். "எல்.கே.ஜி. டீச்சர் ட்ரெய்னிங் சேரப்போறா" என்றால் வரும் பாருங்கள் ஒரு முகம்... சாவு வீட்டில் கூட அப்படி யாரும் பார்க்க மாட்டார்கள்.

"ஏம்மா, மார்க் ரொம்பக் கம்மியா?" என்று பெரியம்மா மெதுவாகக் கேட்பார். "விடு, பொம்பளப் புள்ளைக்கு ஏத்த வேலைதான். கல்யாணம் ஆகுற வரைக்கும் பொழுது போகும்" என்று மாமா தீர்ப்பு சொல்லிவிடுவார். கேஸ் முடிந்தது.

மாமா மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அவர் சொன்னதைத்தான் அரசாங்கமும் சொல்கிறது, தனியார் பள்ளியும் சொல்கிறது. என்ன வித்தியாசம் என்றால், மாமா வாயால் சொல்கிறார், அவர்கள் சம்பளச் சீட்டில் எழுதிக் காட்டுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2022-இல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்குத் தமிழக அரசு தற்காலிக சிறப்பாசிரியர்களை எடுத்தபோது நிர்ணயித்த தொகுப்பூதியம் மாதம் ரூ.5,000. 2025-இல் வந்த அங்கன்வாடிப் பணியாளர் அறிவிப்பில் முதல் 12 மாதங்களுக்கு ரூ.7,700. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே ரூ.20,600-இல் தொடங்குகிறது. ஆறாம் வகுப்புக்கு மேலே போனால் பட்டதாரி ஆசிரியர், ரூ.36,400. அதாவது குழந்தை உயர உயர ஆசிரியரின் சம்பளமும் உயரும். வாத்தியார் சம்பளத்தை அளக்க அளவுகோல் வேண்டாம், பையனைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தாலே போதும்!

இதே ஊரில்தான் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் "சாதாரண டாக்டர் வேண்டாம், குழந்தை டாக்டர்கிட்ட போ" என்கிறோம். எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மூன்று வருடம் குழந்தை மருத்துவம் படித்தவர் அவர். "குழந்தை சின்னதுதானே, கம்பவுண்டரே பார்த்துக்கட்டும்" என்று எந்தப் பாட்டியும் சொல்வதில்லை. உடம்பு சின்னதாக இருந்தால் அதிகம் படித்தவர் வேண்டும். அந்த உடம்புக்குள் இருக்கும் மூளைக்கு மட்டும் எவ்வளவு குறைவாகப் படித்தவர் கிடைப்பாரோ அவரைத் தேடுவது. இது என்ன நியாயம்?

விஷயம் இதுதான். சின்னக் குழந்தைகளுக்கு ஆசிரியராவதற்கான படிப்பில் நுழைவதைக் கஷ்டமாக்க வேண்டும். கஷ்டப்பட்டுப் படித்து வெளியே வருகிறவருக்கு மற்ற ஆசிரியர்களுக்கு இணையாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் ஏமாற்று வேலை. இரண்டையும் செய்யாமல் "தாயன்பு", "தெய்வப் பிறவிகள்" என்று ஆசிரியர் தினத்தில் மைக் பிடிப்பது அதைவிடப் பெரிய ஏமாற்று வேலை.

அப்படி என்ன பெரிய படிப்பு?

இப்படித்தான் முதல் கேள்வி வரும். "ஏபிசிடி, ஒண்ணு ரெண்டு மூணு. இதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம் டிப்ளமோ?"

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்வோம். மனித மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி எலும்பாக வருடக்கணக்கில் ஆகும். மூன்று வயதில் பாதிகூட ஆகியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோடு நோட்டில் "ஏ" என்று ஒரு பக்கம் எழுது என்றால், குழந்தை கோணலாகத்தான் எழுதும். உடனே டைரியில் "கையெழுத்து சரியில்லை, வீட்டில் பழக்கவும்". அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தையின் விரலைப் பிடித்து அழுத்துவார். இந்த வன்முறை தினமும் நடக்கிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. தெரியவில்லை, அவ்வளவுதான். தெரிந்த ஆசிரியை களிமண் கொடுப்பார், மணி கோக்கச் சொல்வார், மணலில் விரலால் வரையச் சொல்வார். வெளியிலிருந்து பார்க்கும் அப்பாவுக்கு "சும்மா விளையாட விடறாங்க" என்று தோன்றும். உள்ளே எழுதப்போகும் கை தயாராகிக்கொண்டிருக்கும்.

அடுத்து எண்கள். மூன்றரை வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து இருபது வரை பாட்டாகச் சொல்லும். விருந்தாளி கைதட்டுவார். அதே குழந்தையிடம் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையைக் கொடுத்து "அஞ்சு எடுத்துத் தா" என்று கேளுங்கள். கைநிறைய அள்ளிக் கொடுக்கும். எண்ணின் பெயரைச் சொல்வது வேறு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க வைப்பதுதான் வேலை. அந்தத் தூரம் இருப்பதே தெரியாதவர் இருபதிலிருந்து நூறுக்குப் பாடச் சொல்வார். பிறகு நாலாம் வகுப்பில் "இவனுக்குக் கணக்கே வராது" என்று முத்திரை குத்துவார்கள்.

இன்னொன்று. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத குழந்தை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. "திமிரு", "சொன்ன பேச்சு கேக்காது" என்று இரண்டு அடி கிடைக்கும். பயிற்சி பெற்ற கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரியும். ஒருவேளை காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வரும், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும், பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லும். மொழி மளமளவென்று வளரும் வயது அது. அந்த இரண்டு வருடத்தை அடி வாங்கியே கழித்த குழந்தைக்கு அதை யார் திருப்பிக் கொடுப்பது?

ஜூன் மாதம் ஏதாவது ஒரு பள்ளி வாசலில் நின்றாலே போதும். முதல் வாரம், முப்பது குழந்தைகள், முப்பது விதமான அழுகை. கத்துகிற குழந்தையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம் என்றும், ஒரு சத்தமும் போடாமல் மூலையில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம்தான் முதலில் போக வேண்டும் என்றும் யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். அதற்குப் பெயர்தான் பயிற்சி. பாசம் வைத்திருந்தால் தானாக வந்துவிடும் என்பதெல்லாம் கதை.

மூன்று மாதத்தில் "மாண்டிசோரி"

சரி, இதையெல்லாம் எங்கே போய்ப் படிப்பது? இங்கேதான் கூத்து.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளில் முன்பருவக் கல்விக்கென்று இரண்டு வருட டிப்ளமோ வகுக்கப்பட்டிருக்கிறது. ப்ளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும், நேரடி வகுப்பு, பள்ளிகளில் களப்பயிற்சி என்று எல்லாம் அதில் உண்டு. இப்படி ஒன்று இருப்பது ப்ளஸ் டூ முடித்த எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்ட் எதிரே மாடியில் தொங்கும் போர்டுதான். "மாண்டிசோரி டீச்சர் ட்ரெய்னிங். மூன்று மாதம். 100 சதவீதம் வேலை. தபாலிலும் படிக்கலாம்". தபாலில் குழந்தை வளர்ப்பு! நீச்சலையும் தபாலில் கற்றுக்கொண்டு கிணற்றில் குதிக்க வேண்டியதுதான்.

அந்த போர்டில் இருக்கும் பெயருக்குச் சொந்தக்காரர் யார்? மரியா மாண்டிசோரி, 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கிய டாக்டர். 1907-இல் ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவருக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பே உண்டு. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். மறு வருடம் இத்தாலி உலகப்போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். மகன் மரியோவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்த வருடம் ஆகஸ்ட் 31, அம்மாவின் 70-வது பிறந்தநாளன்று விட்டார்கள். போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் இருந்தார். அந்த வருடங்களில் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி கொடுத்தார்.

எழுபது வயதில், போர்க்காலத்தில், அந்நிய நாட்டில் உட்கார்ந்து அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே "குழந்தையைக் கவனி" என்பது. கவனிப்பது என்றால் மணிக்கணக்கில், வாய் திறக்காமல், குறிப்பெடுத்துக்கொண்டு. அந்தப் பெயருக்கு இன்று காவல் இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். பிங்க் கலர் பெயின்ட், சுவரில் மிக்கி மவுஸ், பெயர் மாண்டிசோரி. உள்ளே பெஞ்சு போட்டு "கை கட்டு, வாய் பொத்து".

வாசலில் கேட்க வேண்டிய கேள்வி

இந்தப் படிப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் "ஏன் சேருகிறாய்?" என்று கேட்டால் வரும் பதில், "எனக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும்". இதைச் சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. இது ஒரு தகுதியே இல்லை. நாய்க்குட்டி பிடிக்கும் என்பதால் யாரையும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ப்பதில்லை. தூங்கி எழுந்து, குளித்து, பவுடர் போட்டு, சிரிக்கும் குழந்தையை யாருக்குத்தான் பிடிக்காது? மூக்கு ஒழுகி, டவுசரில் போய், பக்கத்துக் குழந்தையைக் கடித்து வைத்துவிட்டு, காரணம் சொல்லத் தெரியாமல் கத்துகிற குழந்தையைப் பகல் பன்னிரண்டு மணிக்கு, இருபத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? அங்கே பிடித்தம் பத்து நிமிடம் தாங்கும். அதற்கப்புறம் தாங்குவது படிப்பும் பழக்கமும்தான்.

நுழைவுத் தேர்வு என்றால் இயற்பியல் கேள்வி கேட்க வேண்டியதில்லை. சேர வந்தவரை ஒரு வாரம் ஒரு அங்கன்வாடியில் உட்கார வையுங்கள். தினமும் ஒரே ஒரு குழந்தையைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். "அழகாக இருந்தாள்" என்று எழுதியவர் யார், "மூன்று முறை அதே கட்டையை அடுக்கினாள், நாலாவது முறை அடியில் பெரியதை வைத்தாள்" என்று எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். ஒரு கதையைச் சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பார்க்காமல், குழந்தைகள் எழுந்து ஓடாமல். இது மார்க் அடிப்படையில் சீட் கொடுப்பதைவிடக் கஷ்டமான தேர்வு. ஆனால் நேர்மையானது.

இந்த வாசலில் இன்னொரு அநியாயமும் உண்டு. பையன்கள் யாரும் வருவதில்லை. வந்தாலும் விட மாட்டார்கள். ஒரு பையன் "எல்.கே.ஜி. வாத்தியார் ஆகணும்" என்றால் வீட்டில் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒரு வக்கீல் இருந்தார். கோர்ட்டை விட்டுவிட்டு 1920-இல் பாவ்நகரில் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அந்த ஊர் மக்கள் அவருக்கு வைத்த பெயர் "மீசை வைத்த அம்மா". கிண்டல் இல்லை, மரியாதை. அவரோடு வேலை பார்த்த தாராபாய் மோடக்தான் பிறகு மகாராஷ்டிரத்தில் 1945-இல் தொடங்கி, கிராமக் குழந்தைகளுக்காக முற்றத்திலேயே வகுப்பு நடத்தியவர். "அங்கன்வாடி" என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஆக, இந்தத் துறையின் மூதாதைகள் ஒரு டாக்டர், ஒரு வக்கீல்... நாம்தான் அதை "மார்க் கம்மியானவர்கள் போகிற இடம்" ஆக்கி வைத்திருக்கிறோம்.

"அப்போ ஏழைப் பெண்கள் எங்கே போவார்கள்?"

இது நியாயமான கேள்வி. வாசலை இறுக்கினால், ப்ளஸ் டூவோடு நின்று, குடும்பத்தைத் தாங்கும் அங்கன்வாடி அக்காக்கள் வெளியே தள்ளப்பட மாட்டார்களா?

தள்ளப்படக் கூடாது. தமிழ்நாட்டில் 54 ஆயிரம் அங்கன்வாடி மையங்களை நடத்துவது அவர்கள்தான். எடை பார்ப்பது, உயரம் அளப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, போனில் போஷன் டிராக்கர், நடுவில் தேர்தல் வேலை. இத்தனைக்கும் நடுவில் "முன்பருவக் கல்வியும் கொடுக்கணும்". 1975-இல் தொடங்கிய திட்டத்தில் இந்தப் பெண்கள் இன்னமும் காகிதத்தில் "கௌரவப் பணியாளர்கள்". வேலை செய்பவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்வதற்கே 2022-இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

அவர்களுக்குத் தேவை படிக்கட்டு. சம்பளத்தோடு விடுப்பு, பக்கத்து ஊரிலேயே கல்லூரி, முடித்து வந்தால் ஊதிய உயர்வு, மேலே போக வழி. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை என்ன கொடுத்தது? ப்ளஸ் டூ முடித்தவருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்கும் குறைவாகப் படித்தவருக்கு ஒரு வருட டிப்ளமோ. அதையும் டி.டி.எச்.சிலும் ஸ்மார்ட்போனிலும், இருக்கும் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் படித்துக்கொள்ளலாமாம். அதே கொள்கைதான் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறது. 85 சதவீதத்துக்கு ஆறு மாதம், அதுவும் போனில். மிச்சம் 15 சதவீதத்துக்கு நாலு வருட பி.எட். கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

அந்தக் கொள்கையை எதிர்க்கிற தமிழ்நாட்டிலாவது நிலைமை வேறா? 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல விஷயம். பாடம் எடுக்க யாரை அனுப்பினார்கள்? உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை. அவர்கள் படித்தது தொடக்க வகுப்புகளுக்கு. "எங்களைப் பதவியிறக்கம் செய்கிறார்கள்" என்று நீதிமன்றம் வரை போனார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பாடம் எடுப்பது ஆசிரியருக்கே பதவியிறக்கமாகத் தெரிகிறது! 2022-இல் இந்த வகுப்புகளையே மூடப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, பிறகு தொடரும் என்றார்கள். அப்போது வந்ததுதான் முதலில் சொன்ன ஐயாயிரம் ரூபாய்.

இதற்கெல்லாம் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான் உரிமை என்கிறது. மூன்று முதல் ஆறு வயதுக்கு, அரசு ஏற்பாடு செய்ய"லாம்". அந்த ஒரு "லாம்"-இல் தொங்கிக்கொண்டிருக்கிறது அத்தனை குழந்தைகளின் முதல் வகுப்பறை. உரிமை இல்லாத இடத்தில் ஆசிரியர் பதவி இல்லை. பதவி இல்லாத இடத்தில் ஒழுங்கான கல்லூரி இல்லை. கல்லூரி இல்லாத இடத்தில் மாடிப்படி மாண்டிசோரிதான்.

"காசுக்கு எங்கே போவது?"

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பெர்ரி முன்பள்ளி ஆய்வு என்று ஒன்று 1962-இல் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினக் குழந்தைகள். 58 பேருக்கு முன்பள்ளி, மற்றவர்களுக்கு இல்லை. நாற்பது வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். முன்பள்ளி போனவர்களில் பள்ளி முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியம் அதிகம், போலீஸ் கேஸ் குறைவு. நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் கணக்குப் போட்டு, போட்ட பணம் வருடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் திரும்பி வந்தது என்றார்.

இந்தக் கதையை எல்லா மேடையிலும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அங்கே பாடம் எடுத்தவர்கள் பட்டம் பெற்ற, முறையாகச் சான்று பெற்ற ஆசிரியர்கள். ஆறேழு குழந்தைக்கு ஒருவர். வாரம் ஒருமுறை வீட்டுக்கும் போவார்கள். அதை விட்டுவிட்டு லாபத்தை மட்டும் மேடையில் சொல்வது, விதைக்காமலே அறுவடைக்கு அரிவாள் தீட்டுகிற மாதிரி. பின்லாந்தில் 1995-லிருந்தே இந்த ஆசிரியர் படிப்பு பல்கலைக்கழகப் பட்டம். அவர்களுக்கு மட்டும் குழந்தைகள் கஷ்டமான பாடமாகப் பிறப்பதில்லை.

கடைசியாக, இந்த வருடம் அந்த விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு. சேருவதற்கு முன் அந்தக் கல்லூரியிடம் நாலு கேள்வி கேளுங்கள். அங்கீகாரம் யாருடையது, எழுத்தில் காட்டுவீர்களா? இரண்டு வருடத்தில் எத்தனை நாள் குழந்தைகளோடு? சொல்லிக் கொடுக்கிறவர் கடைசியாக எப்போது ஒரு வகுப்பறையில் தரையில் உட்கார்ந்தார்? காது கேளாத, பேச்சு வராத குழந்தையைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருவீர்களா? பதில் இழுத்தால் படியிறங்கி வந்துவிடுங்கள். பதில் சரியாக வந்தால், மார்க் எவ்வளவு இருந்தாலும், மாமா என்ன சொன்னாலும், தைரியமாகச் சேருங்கள். முடித்த பிறகு ஐயாயிரத்துக்குச் சம்மதிக்காதீர்கள். ஒருவர் சம்மதித்தால் அடுத்தவருக்கும் அதுதான் விலை. தனியாக மறுத்தால் வேலை போகும், சங்கமாக மறுத்தால் ஜி.ஓ. வரும்.

மாமாவுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஜூனில் உங்கள் பேரன் எல்.கே.ஜி. சேருவான். வாசலில் உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுவான். அவன் கையை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு ஒருவர் உள்ளே போவார். "கல்யாணம் ஆகுற வரைக்கும் பொழுது போக" வந்த ஒருவர் அந்தக் கையை வாங்கினால் உங்களுக்குச் சம்மதமா?